முன்சிறுகுடலில் ஒரு பக்கப்பை



பிழைப்பை நாடிப் பிறந்த ஊரைவிட்டு வந்து, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம் போன்றோர்க்கு உடல்நலம் குன்றும்போது இரட்டைத் துன்பம் நேர்கிறது. நோயின் துன்பம் ஒன்று. அந்நோயைப் பிறமொழியில் எடுத்துரைக்க வேண்டிய துன்பம் மற்றொன்று. கடையில் அரிசி பருப்பு வாங்குவதற்கும், அலுவலகத்தில் கோப்புகளைப் பார்ப்பதற்கும் போதுமான பிறமொழிப் பயிற்சி நமக்கு வந்துவிடுகிறது. ஆனால், ‘வயிறு உப்புசமாக இருக்கிறது’, ‘நெஞ்சைக் கரிக்கிறது’, ‘விலாப்புறம் இழுத்துப் பிடிக்கிறது’ என்பனவற்றை மருத்துவரிடம் சொல்ல நேரும்போது நாத் தடுமாறுகிறது. இத்தடுமாற்றத்தால் விளையும் இடர்களையும், மருத்துவக் கருவிகள் எடுக்கும் படங்கள் நமக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லா என்பதையும் உடலின் ஒரு சிறு உறுப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு இன்று பேச விரும்புகிறோம். அவ்வுறுப்பு முன்சிறுகுடல். அதன் சுவரில் சிலருக்குத் தோன்றும் பக்கப்பையே இன்றைய பேச்சின் பொருள்.

நாங்கள் மருத்துவம் பயின்றவர்கள் அல்லோம். கல்லூரியில் கலைப்பாடம் படித்து, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி வருகிறோம். சொல்லுக்குச் சொல் தேடுவதே எங்கள் தொழில். அப்படிப்பட்ட எங்களுக்கு இப்பொருளில் ஈடுபாடு உண்டானதற்குக் காரணம், சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி.

கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் வாழ்ந்துவந்த எங்கள் அன்னையார், தமது எழுபத்திரண்டாம் வயதில் எங்களோடு தங்குவதற்காகத் தில்லிக்கு வந்து சேர்ந்தார். வந்த இரண்டாம் திங்களில் ஓரிரவு எங்களை எழுப்பி, “தம்பி, நெஞ்சைக் கரிக்குதடா, தாங்க முடியல” என்றார். உடனே அருகிலிருந்த மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பணியிலிருந்த இளம் மருத்துவர், “மாதாஜிக்கு என்ன செய்கிறது?” என்று இந்தியில் கேட்டார். அன்னையார் சொன்னதை நாங்கள் இந்தியில் பெயர்த்துச் சொன்னோம். ‘நெஞ்சு’ என்றதை ‘மார்பு’ என்றோம். ‘கரிக்கிறது’ என்பதற்கு அந்நேரத்தில் உரிய சொல் அகப்படாமையால் ‘வலிக்கிறது’ என்றோம். அவ்வளவுதான், மார்பு வலி என்ற சொல் மருத்துவர் செவியில் விழுந்தவுடன் இதயச் சோதனைகள் தொடங்கிவிட்டன. மறுநாள் நண்பகல்வரை அச்சோதனைகளே நடந்தன. இதயத்தில் குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. எழுபது வயதைக் கடந்தவர்க்கு அச்சோதனையைச் செய்தது தக்கதே என்பதில் ஐயமில்லை. ஆயினும், இருபது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு, பெற்ற தாயின் ஒரு வாக்கியத்தைப் பிழையின்றிப் பெயர்க்க இயலவில்லையே என்ற நாணம் இன்றும் நீங்கவில்லை.

பின்பு வயிற்றை ஆராயத் தொடங்கினார்கள். ஒலியலைகளைக் கொண்டு உள்ளுறுப்புகளைக் காட்டும் அல்ட்ராசவுண்டு படத்தில், கணையத்தின் தலைப்பகுதியை அடுத்து ஏதோ ஒன்று தென்பட்டது. ‘கட்டியாகவும் இருக்கலாம்; மேற்கொண்டு ஆராய வேண்டும்’ என்று அறிக்கையில் எழுதியிருந்தது. கணையம், கட்டி என்னும் இரு சொற்களும் ஒருங்கே வந்தால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பதை நேயர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் உண்ணவில்லை. அன்னையார் ஒருவர்தாம் செய்தி தெரியாமையால் மோர்ச்சோறு உண்டு உறங்கினார்.

அங்கே தென்பட்டது யாதென்று விளங்கவேண்டுமானால், முன்சிறுகுடலின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

எண்சாண் உடம்பு என்று நம்மவர் சொல்வார்கள். பன்னிரண்டு விரற்கடை கொண்டது ஒரு சாண். இரைப்பையின் வாயிலிலிருந்து தொடங்கும் சிறுகுடலின் முதற்பகுதியை, ஏறக்குறைய 2300 ஆண்டுகளுக்கு முன்பு அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோஃபிலஸ் என்னும் கிரேக்க மருத்துவர் அளந்து, பன்னிரு விரல் அகலமுள்ளது என்று பெயரிட்டார். அப்பெயரே இலத்தீனில் பெயர்க்கப்பெற்று, இன்று மருத்துவர்கள் வழங்கும் டியோடினம் என்ற சொல்லாயிற்று. நம் கணக்குப்படி அது ஒரு சாண் குடல். உண்மையில் அதன் நீளம் 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை இருக்கும். ஒரு சாணுக்குச் சற்று மிகுதி.

இக்குடல் நேராகச் செல்வதில்லை. குதிரை லாடம்போல் வளைந்து, கணையத்தின் தலையைத் தன் வளைவுக்குள் அணைத்துக்கொண்டு கிடக்கிறது. அதன் பெரும்பகுதி வயிற்றறையின் பின்சுவரை ஒட்டி, முதுகுப்புறமாக அமைந்துள்ளது. கல்லீரலிலிருந்து பித்தத்தைக் கொணரும் நாளமும், கணையத்திலிருந்து செரிமான நீரைக் கொணரும் நாளமும் இக்குடலின் இரண்டாம் பகுதியில், உட்புறச் சுவரில் ஒரு சிறு காம்பு போன்ற வாயிலின் வழியே வந்து கலக்கின்றன. நாளங்களும் குருதிக் குழாய்களும் சுவரைத் துளைத்துக்கொண்டு நுழையும் இடத்தில் தசை சற்று வலுக்குறைந்திருப்பது இயல்பு. ஆண்டுகள் பல செல்லச் செல்ல, உள்ளிருந்து வரும் அழுத்தத்தால் குடலின் உட்படலம் அவ்வலுக்குறைந்த இடத்தின் வழியே வெளிப்புறம் பிதுங்கி, சிறு பையாக நின்றுவிடுகிறது. நம் பாட்டிமார் இடுப்பில் செருகிக்கொள்ளும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்துக் குறுகியும் வயிறு பருத்தும் இருக்கும். ஏறக்குறைய அதே உருவம்.

இதனை மருத்துவர்கள் டைவர்டிகுலம் என்பார்கள். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குப் பெருவழியிலிருந்து பிரியும் கிளைப்பாதை என்றும், வழிப்போக்கர் தங்கும் விடுதி என்றும் பொருள். உணவு செல்லும் பெருவழியில் ஓரமாக ஒரு திண்ணை. அதில் சிறிது உணவும் நீரும் காற்றும் தங்கிச் செல்கின்றன. பேச்சுக்கு எளிதாக நாம் இதனைப் பக்கப்பை என்றே வழங்குவோம்.

இவ்வகைப் பைகளுள் பெரும்பாலானவை குடலின் இரண்டாம் பகுதியில், பித்தநாளம் வந்து சேரும் வாயிலுக்கு ஓரிரு சென்டிமீட்டர் தொலைவுக்குள்ளேயே காணப்படுகின்றன. நாற்பது வயதுக்கு முன் இவை அரிது. வயது ஏற ஏற மிகுகின்றன. பிறவியிலேயே அமையும் வேறொரு வகையும் உண்டு. அது வெளிப்புறம் பிதுங்காமல், குடலின் உள்ளேயே ஒரு திரைபோல் தொங்கி, உணவு செல்லும் திசையில் நீண்டு பையாகிவிடும். விமான நிலையத்தில் காற்று வீசும் திசையைக் காட்டக் கட்டிவைத்திருக்கும் துணிப்பையை ஒத்திருப்பதால், அதன் எக்ஸ்-ரே படத்திற்கு மருத்துவர்கள் அப்பெயரையே இட்டிருக்கிறார்கள். ஆனால் அது மிக அரிதானது.

பக்கப்பையை முதன்முதல் விவரித்தவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஷோமெல் என்பவர், ஆண்டு 1710. இறந்தவர் ஒருவரின் உடலில் அவர் கண்ட பையினுள் பித்தக்கற்கள் 22 இருந்தனவாம். அதன்பின் இருநூறு ஆண்டுகள், உயிரோடிருக்கும் மனிதரிடம் இப்பையைக் கண்டறிய வழியே இல்லை. 1895 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். எலும்பு தெரிந்தது, குடல் தெரியவில்லை. ஏனெனில், மெல்லிய தசையாலாகிய குடலைக் கதிர்கள் எளிதில் ஊடுருவிச் சென்றுவிடுகின்றன. கதிர்களைத் தடுக்கும் பொருள் ஒன்றைக் குடிக்கச் செய்து, அது குடலை நிரப்பும்போது படமெடுத்தால் குடலின் உட்புற உருவம் தெரியும் என்று பின்பு கண்டார்கள். முதலில் பிஸ்மத் உப்புகளைப் பயன்படுத்தினர். 1910 ஆம் ஆண்டையொட்டிப் பேரியம் சல்பேட் என்னும் வெண்ணிறப் பொடி வழக்கிற்கு வந்தது. 1913 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவரான கேஸ் என்பவர், முன்சிறுகுடலின் பக்கப்பையை எக்ஸ்-ரே படத்தில் முதன்முதல் காட்டினார்.

சுண்ணாம்புக் கரைசல் போன்ற அந்தப் பேரியத்தை நம்முள் மூத்தோர் பலர் குடித்திருப்பார்கள். அதைக் குடித்தவரை மேசைமேல் கிடத்தி, இப்புறமும் அப்புறமும் திருப்பிப் படமெடுப்பார்கள். பக்கப்பை இருந்தால் குடலின் வளைவுக்குள், விளிம்பு மழமழவென்று உருண்டையாக, கழுத்துடன் கூடிய ஒரு வெண்பை தோன்றும். குடலிலிருந்த பேரியம் கீழே இறங்கிவிட்ட பின்பும், பையிலுள்ளது தங்கி நிற்கும். புண்ணுக்கும் பைக்கும் உள்ள வேறுபாட்டை அறிய இதுவும் ஓர் அடையாளம்.

இக்காலத்தில் பேரியச் சோதனை குறைந்து, வேறு கருவிகள் பெருகிவிட்டன. ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் உருவாக்கிய சி.டி. ஸ்கேன், 1971 ஆம் ஆண்டில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. வாழைத்தண்டை வில்லை வில்லையாக அரிந்து பார்ப்பது போல, உடலைக் குறுக்கே வகுத்துக் காட்டும் கருவி அது. அப்படத்தில் பக்கப்பைக்குள் காற்று இருந்தால் கருமையாகத் தெரியும். நீரும் காற்றும் கலந்திருந்தால், நீர்மட்டம் ஒரு கோடு போலத் தெரியும். அவ்வாறு தெரிந்தால் ஐயத்திற்கு இடமில்லை. ஆனால், பை முழுவதும் நீரே நிறைந்து காற்றுச் சிறிதும் இல்லாதபோது, கணையத்தில் தோன்றும் நீர்க்கட்டிக்கும் அதற்கும் வேறுபாடு காண்பது அரிதாகிவிடுகிறது. சிலபோது கணையத்துச் சீழ்க்கட்டியாகவும் அது தோற்றமளிக்கும்.

எங்கள் அன்னையாருக்கு நேர்ந்ததும் இதுவே. சி.டி. படத்தில், கணையத்தின் தலையருகே மூன்று சென்டிமீட்டர் அளவில் நீர் நிறைந்த உருண்டை ஒன்று தெரிந்தது. படத்தைப் பார்த்த கதிரியல் மருத்துவர் நடுவயதுடைய அம்மையார், பொறுமை மிக்கவர். “இது குடலின் பையாகவும் இருக்கலாம், கணையத்தின் கட்டியாகவும் இருக்கலாம். ஊசி செலுத்திப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். மாதாஜிக்கு முன்பு எப்போதாவது வயிற்றில் படம் எடுத்ததுண்டா?” என்று வினவினார்.

நாங்கள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் அன்னையாரிடம் கேட்டுவிடுவோம் என்று தோன்றியது. கேட்டோம். “ஏன் இல்ல? நீ தில்லிக்குப் போன வருஷம், வயித்துவலின்னு சுண்ணாம்பு மாதிரி ஒண்ணைக் குடிக்கச் சொல்லிப் படம் புடிச்சாங்களே! பெட்டியில கிடக்கு” என்றார். அவர் குறிப்பிட்டது 1998 ஆம் ஆண்டு. மகனுக்குக் கவலை வேண்டாமென்று அவர் அதைக் கடிதத்தில் எழுதவே இல்லை.

ஊரிலிருந்த தங்கையின் கணவர், இரும்புப் பெட்டியின் அடியில், திருமணப் பத்திரிகைகளுக்கும் பழைய வரி ரசீதுகளுக்கும் இடையே கிடந்த அந்த எக்ஸ்-ரே தாளைத் தேடியெடுத்துத் துணியில் சுற்றி, இரயிலில் தாமே கொண்டுவந்து சேர்த்தார். கதிரியல் மருத்துவர் அதை விளக்குப் பலகையில் வைத்தார். இரைப்பை தெரிந்தது, முன்சிறுகுடலின் வளைவு தெரிந்தது, அவ்வளைவுக்குள், இன்று நீர்க்கட்டி என்று நாங்கள் அஞ்சிய அதே இடத்தில், கழுத்துடன் கூடிய ஒரு வெண்பை தொங்கிக்கொண்டிருந்தது. அளவிலும் பெரிய வேறுபாடு இல்லை. இத்தனை ஆண்டுகளாக வளராமல் அவ்விடத்திலேயே இருக்கும் ஒன்று, பேரியத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டும் இருக்கிறதென்றால், அது குடலோடு தொடர்புள்ள பையே அன்றிக் கணையத்தின் கட்டி அன்று.

உறுதிப்படுத்திக்கொள்வதற்காக எம்.ஆர்.ஐ. படமும் எடுத்தார்கள். அதற்குமுன் அன்னையாருக்கு அன்னாசிப் பழச்சாறு ஒரு குவளை கொடுத்தார்கள். எங்களுக்கு வியப்பாக இருந்தது. காரணத்தை மருத்துவர் விளக்கினார். அப்படத்தில் நீர் வெண்மையாக ஒளிரும். அன்னாசிச் சாற்றில் மாங்கனீசு மிகுதி. ஆதலால் அது நிறைந்த இடம் வெண்மை குன்றிக் கருமையாகும். குடலோடு தொடர்புள்ள பையாயின், சாறு அதனுள்ளும் நுழைந்து அதையும் கருமையாக்கும். கணையத்துக் கட்டியாயின், சாறு நுழைய வழியின்மையால் அது வெண்மையாகவே இருக்கும். அன்னையார் வயிற்றிலிருந்த உருண்டை கருத்தது. எங்கள் முகம் வெளுத்திருந்தது மாறியதும் அன்றுதான்.

கட்டி இல்லை என்றாயிற்று. ஆனால், அன்னையாரின் நெஞ்சுக் கரிப்பு நின்றபாடில்லை. இங்கேதான் நாங்கள் இரண்டாம் பிழையைச் செய்யவிருந்தோம். படத்தில் ஒரு பை தெரிகிறது. நோயாளிக்கு வலியும் இருக்கிறது. ஆகவே வலிக்குக் காரணம் அந்தப் பைதான். அதை அறுத்து எடுத்துவிடுங்கள் என்று வேண்டினோம். மருத்துவர் உடன்படவில்லை.

அவர் கூறிய விளக்கம் நம் அனைவர்க்கும் பயன்படத்தக்கது. இப்பைகள் எத்தனை பேரிடம் இருக்கின்றன என்பது, எப்படித் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. பேரியச் சோதனைகளில் நூற்றுக்கு 6 பேர் வரையில் காணப்பட்டிருக்கின்றன. இறந்தோர் உடல்களை அறுத்து ஆராய்ந்தபோது நூற்றுக்கு 22 பேர் வரையில் காணப்பட்டிருக்கின்றன. அதாவது, எத்தனையோ பேர் தம் குடலில் இப்படியொரு பை இருப்பதை அறியாமலே வாழ்ந்து, வேறு காரணத்தால் இறந்திருக்கிறார்கள். பை உள்ளவர்களுள் நூற்றுக்கு ஐவர் அளவினர்க்கே அதனால் தொல்லை உண்டாகிறது. மேலும், அது அமைந்திருக்கும் இடம் பித்தநாளமும் கணையநாளமும் கூடும் வாயில். தேவையின்றி அங்கே கத்தி வைப்பது, இல்லாத தீங்கை வருவித்துக்கொள்வதாகும். படத்தில் இருப்பது என்பது வேறு. நோய்க்குக் காரணமாக இருப்பது என்பது வேறு.

எனவே அடுத்தபடியாக எண்டாஸ்கோப்பி செய்தார்கள். வளையும் மெல்லிய குழாயை வாய்வழியே செலுத்தி உள்ளே கண்ணால் காணும் முறை அது. பஞ்சாபின் மோகா என்னும் ஊரில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவத்தைக் கடத்தலாம் என்று 1954 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையே இக்குழாய்க்கு வித்திட்டது என்பது நாம் பெருமைகொள்ளத்தக்க செய்தி. பொதுவாகப் பயன்படும் குழாய் நேர்முகமாகப் பார்ப்பது; பக்கச் சுவரிலுள்ள பையின் வாய் அதற்குத் தப்பிவிடக்கூடும். பக்கவாட்டில் பார்க்கும் குழாய்க்கு அது நன்கு புலப்படும். எங்கள் அன்னையாருக்கு நேர்முகக் குழாயே போதுமானதாயிற்று. முன்சிறுகுடலின் தொடக்கத்தில், பைக்குச் சற்றும் தொடர்பில்லாத இடத்தில், ஒரு புண் இருந்தது.

புண் ஏன் வந்தது? கிருமியா என்று சோதித்தார்கள், இல்லை. “மாதாஜி மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா?” என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றோம். பழைய படத்தைப் பற்றிய அனுபவத்தால் நல்லறிவு வந்து, மீண்டும் அன்னையாரையே கேட்டோம். அவர் சற்றுத் தயங்கி, இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார். வெற்றிலை பாக்குக்கு இடையே, முழங்கால் வலிக்கான மாத்திரை அட்டைகள் இரண்டு இருந்தன. தில்லிக் குளிரில் முழங்கால் வலி மிகுந்ததாம். பக்கத்து வீட்டு அம்மாள் கடையில் வாங்கிக்கொடுத்தாராம். நாள்தோறும் இரண்டு வேளை, பெரும்பாலும் வெறும் வயிற்றில். இவ்வகை வலிநீக்கி மாத்திரைகள் இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் புண்ணை உண்டாக்கக்கூடியவை. குடலிலிருந்த பையை நாங்கள் வாரக்கணக்கில் ஆராய்ந்துகொண்டிருக்க, காரணம் இடுப்பிலிருந்த பையில் இருந்தது. மாத்திரையை நிறுத்தி, அமிலத்தைக் குறைக்கும் மருந்தை எட்டு வாரம் கொடுத்தார்கள். நெஞ்சுக் கரிப்பு நின்றது. பக்கப்பை அங்கேயே இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை.

இதைக் கேட்டு, பக்கப்பை என்றால் எப்போதும் தீங்கற்றது என்று நேயர்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. நூற்றுக்கு ஐவர் என்றோமே, அவர்கள் நிலையையும் சொல்லிவிட வேண்டும். பையில் தங்கும் உணவு அழுகி, அங்கே வீக்கமும் சீழும் உண்டாகலாம். பையின் சுவரிலிருந்து குருதி கசியலாம். பை பருத்துப் பித்தநாளத்தின் கடைவாயை அழுத்தினால், கல் ஏதும் இல்லாமலே மஞ்சள் காமாலை தோன்றும். 1934 ஆம் ஆண்டில் இதனை விளக்கிய லெம்மல் என்னும் மருத்துவரின் பெயராலேயே இந்நிலை வழங்குகிறது. பையில் பெருகும் நுண்ணுயிரிகளால் பித்தநாளத்தில் கற்கள் உருவாவதும் உண்டு.

மிகவும் அஞ்சத்தக்கது, பை கிழிந்து துளைபடுவது. அது அரிது, ஆனால் கண்டறிவதும் அரிது. சாதாரணமாகக் குடல் துளைபட்டால், காற்று வயிற்றறைக்குள் பரவி உதரவிதானத்தின் கீழே சேரும். நிற்கவைத்து எடுக்கும் எக்ஸ்-ரே படத்தில் அது தெரியும். முன்சிறுகுடலின் பெரும்பகுதியோ பின்சுவரை ஒட்டியது. அங்கே துளைபட்டால் காற்றும் நீரும் முதுகுப்புறமாக, வலச் சிறுநீரகத்தின் பக்கம் ஒதுங்கிவிடுகின்றன. சாதாரண எக்ஸ்-ரே படத்தில் ஒன்றும் தெரியாமற்போகலாம். வலி முதுகில் பாய்வதால், பித்தப்பை அழற்சி என்றோ கணைய அழற்சி என்றோ எண்ண இடமுண்டு. இத்தகைய வேளையில் சி.டி. படமே கைகொடுக்கிறது. துளை இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் பேரியம் கொடுக்கமாட்டார்கள். அது வெளியே கசிந்தால் தீங்கு. நீரில் கரையும் வேறு மருந்தையே கொடுப்பார்கள்.

ஆகவே நேயர்களே, கடும் வயிற்றுவலி முதுகுவரை பாய்ந்தாலும், குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டாலும், கண்ணும் சிறுநீரும் மஞ்சளித்தாலும், மலம் தார்போல் கறுத்துப் போனாலும், குருதி வாந்தியெடுத்தாலும், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அயல் மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு எங்கள் அனுபவத்திலிருந்து இன்னும் சில சொற்கள். பெற்றோரை ஊரிலிருந்து அழைத்துவரும்போது, ஊறுகாய் ஜாடியோடும் அப்பளக் கட்டோடும் அவர்களுடைய பழைய படங்களையும் மருத்துவ அறிக்கைகளையும் எடுத்துவாருங்கள். எக்ஸ்-ரே தாள்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கெட்டுவிடும். ஆதலால் அவற்றை வெளிச்சத்தில் பிடித்துக் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எடுக்கும் ஸ்கேன்களுக்கு அறிக்கைத் தாளோடு நின்றுவிடாமல் குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். அறிக்கையில் புதிய சொல் ஒன்றைக் கண்டால் அஞ்சுவதற்கு முன், ‘இந்நோயாளியின் துன்பத்திற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?’ என்று மருத்துவரைக் கேளுங்கள்.

நோயாளிக்காக நீங்கள் மொழிபெயர்க்க நேர்ந்தால், பொருள் தெரியாத சொல்லுக்கு அருகிலுள்ள சொல்லை இட்டு நிரப்பிவிடாதீர்கள். எங்கே என்பதைக் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். உணவுக்கு முன்பா பின்பா, பகலா இரவா, எரிகிறதா குத்துகிறதா, வேறெங்கேனும் பாய்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவ்வண்ணமே சொல்லுங்கள். அவர்களுக்காக நீங்களே விடை சொல்லிவிடாதீர்கள். நாங்கள் ‘இல்லை’ என்று சொல்ல வாயெடுத்த இரண்டு வினாக்களுக்கும் உண்மையான விடை அன்னையாரிடமே இருந்தது.

ராண்ட்ஜன் காலந்தொட்டு அறிஞர் பலர் உழைத்து, உடலின் உட்புறத்தை நமக்குக் காட்டும் கருவிகளை அளித்திருக்கிறார்கள். ஒரு சாண் குடலின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் சிறு பையைக்கூட அவை காட்டிவிடுகின்றன. ஆனால் அது எப்போது வலித்தது, எதை உண்டபின் வலித்தது, எத்தனை நாளாக யாரிடமும் சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருந்தார் என்பதை எந்தக் கருவியும் காட்டாது. அதை நம் தாய் தந்தையர் தமிழில்தான் சொல்வார்கள். அதைக் கேட்டுச் செம்மையாக எடுத்துரைக்கும் கடமை நம்முடையது.